மிச்சமிருந்த ஒன்றரைச் சரணம்

திருநாவுக்கரசு அண்ணன் குழந்தை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் இசைத்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து, நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையாமல், வலது கை விரல்களால் சோப்புத் தண்ணீரை வட்டமாக ஓட்டினார். பிறகு நல்ல தண்ணீர், பிறகு பழைய வேட்டித் துணி. துடைத்த தட்டுகளைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்த கம்பி ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தினார். சோறு தின்கிற தட்டுகள் தரையில் கிடந்தன.

போர்ட் பிளேயரில் மழை தொடங்கிவிட்டால் செருப்பு, பெல்ட், சாமி படம் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். பாட்டுக்கும் பிடிக்கும்.

"இடுப்புல ஆபரேஷன் பண்ணின ஆளு இப்படிக் குனியலாமா அண்ணே?" என்றேன்.

"குனியல சிஸ்டர். ஸ்டூல்ல உக்காந்து கொஞ்சம் முன்னால சாயறேன்."

"அதுக்குப் பேருதான் குனியறது."

வீட்டோடு இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன். மழைப்பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த அப்பாவுக்காக, சென்னையில் இருக்கும் மகள் சுகிர்தா என்னை ஷாதிபூர் வீட்டில் அமர்த்தியிருந்தாள். மாத்திரை, குளியல், காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்து நடை, இவ்வளவுதான் பேச்சு. ஒரு அலமாரி நிறைய ஆங்கிலப் பாட்டுத் தட்டுகளும் கூடவே வரும் என்று அவள் சொல்லவில்லை.

எல்லாம் சின்னத் தட்டுகள். உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. அண்ணன் மெயின்லேண்டுக்குப் போய்வரும் கப்பலில் சாப்பாடு பரிமாறும் ஸ்டூவர்டாக இருந்தவர். கப்பல் கல்கத்தாவில் நிற்கும் நாட்களில் மற்றவர்கள் புடவையும் இனிப்பும் வாங்கும்போது இவர் பழைய தட்டுக் கடைகளில் புகுந்துவிடுவார். வாங்கியதை ரொட்டி வைக்கும் தகர டப்பாவில், ரொட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். கப்பலில் போட்டுக் கேட்க மெஷின் கிடையாது. ஊர் வந்து சேரும்வரை உறையின் படத்தைப் பார்த்தே உள்ளே என்ன பாட்டு இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வருவாராம்.

"இதோ, இந்த மீசைக்காரன் படத்தைப் பாத்துட்டு டிரம்மு பிச்சு உதறும்னு நெனச்சேன் சிஸ்டர். வந்து போட்டா, அம்மாவை நெனச்சு அழறான். இது சமையல் அடுப்புப் பக்கத்துல இருந்து வளைஞ்சுபோச்சு. முள்ளு மேல ஏறி இறங்கும்போது கடல்ல போற மாதிரியே இருக்கும். இதுல இன்னும் பன் வாசனை வருது, மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பூஞ்சை வாசனைதான் வந்தது.

இப்போது அந்த அலமாரியே ஊமை. முந்தின வாரம் ரெக்கார்டு பிளேயரின் முள்ளில் தூசி இருக்கிறது என்று லுங்கி நுனியால் துடைத்திருக்கிறார். லுங்கி நூலில் மாட்டி முள் ஒடிந்துபோனது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நடக்கக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். கேட்க முடியாத தட்டுகளைக் கழுவுவது மட்டும் நடக்கிறது. இந்த வயதில் படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுப்பி நடக்க வைக்க எனக்கு ஒரு முள் வேண்டியிருந்தது.

சுகிர்தா ஆன்லைனில் தேடினாள். தீவுக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்று எல்லா இடத்திலும் பதில் வந்தது. இங்கே இருக்கிற கடைகளில் கேட்டேன். தையல் மெஷின் ஊசியா என்று கேட்டார்கள்.

"இந்தத் தீவுல வேற யார்கிட்டயும் இருக்காதா அண்ணே?"

அண்ணன் தட்டைத் துடைப்பதை நிறுத்தினார். "ஒருத்தன்கிட்ட இருக்கும். டப்பா டப்பாவா வாங்கி வச்சிருக்கான்னு கேள்வி. அவன்கிட்ட போய் நான் நிக்க மாட்டேன். பாட்டே கேக்காம செத்தாலும் சரி."

அந்த ஒருத்தர் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் விஜயராஜ், மாவு மில்காரர் மகன். ஒரு காலத்தில் இவர்கள் இருவரும் ஒரு ஆள் மாதிரி. ஒரே கடையில் ஒரே மாதிரி பிளேயர் வாங்கியவர்கள். அண்ணன் கல்கத்தாவில் நல்ல தட்டாகப் பார்த்தால் இரண்டு வாங்குவார், ஒன்று விஜயராஜுக்கு. அப்படி வாங்கிவந்த ஒரு பாட்டுத்தான் அவர்களைப் பிரித்தது. காதலி ரயிலேறிப் போய்விட்டதைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடுகிற பாட்டு. கப்பல் ஊழியர் குடும்ப விழாவில் இருவரும் சேர்ந்து மேடையில் பாடுவது என்று முடிவாயிற்று. அண்ணன் கப்பலுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்ததால் ஒன்றாக உட்கார்ந்து பழகிப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் தட்டைப் போட்டு மனப்பாடம் செய்தார்கள். ஒரே தட்டுத்தானே என்ற தைரியம்.

மேடையில் அண்ணன் அடித்தொண்டையில் நிதானமாக ஆரம்பித்தார். விஜயராஜ் கீச்சுக் குரலில் தடதடவென்று போனார். கித்தார் வாசித்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசிப்பதையே நிறுத்திவிட்டார். விஜயராஜ் பாடி முடித்து, கும்பிடு போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு இன்னும் ஒன்றரைச் சரணம் மிச்சம் இருந்தது. அதையும் அவர் விடாமல் பாடினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேண்டுமென்றே தன்னைக் கோமாளியாக்கினான் என்று இவர். பிரமாதமான டான்ஸ் பாட்டை ஒப்பாரியாக்கிக் கெடுத்தான் என்று அவர். நடுவில் ஃபெர்ரி ஏறினால் எட்டிவிடுகிற தூரம். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லை.

அன்று மத்தியானம் அண்ணன் தூங்கியதும் நான் சாத்தம் ஜெட்டிக்குப் போய் பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் ஏறினேன்.

விஜயராஜ் பனியனோடு வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அரசு அனுப்பினானா?"

"அவர் அனுப்புவாரா? நானா வந்தேன்."

"அவனே வந்து, அது டான்ஸ் பாட்டுதான்னு சொல்லட்டும். முள்ளு முஃப்த்ல குடுக்கறேன், காசே வேணாம்."

"இடுப்பு ஒடிஞ்ச மனுஷன் போட்ல ஏறி எறங்கி வந்து சொல்லணுமா?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இடுப்பு ஒடிஞ்சுதா? எப்போ? எனக்கு யாருமே சொல்லலையே!"

"நீங்க ரெண்டு பேரும் சொல்ற மாதிரியா வச்சிருக்கீங்க?"

எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது சட்டை போட்டிருந்தார், கையில் ஒரு சின்ன டப்பா. "உங்ககிட்ட குடுத்து விட்டா அவன் மாட்டத் தெரியாம இதையும் ஒடைச்சிருவான். ட்ரே தூக்கின கை அது. ச்சலோ, நானே வர்றேன்."

ஃபெர்ரியில் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இன்னும் அந்தப் பாட்டை இழுத்துக்கிட்டேதான் இருக்கானா?" எனக்குத் தெரியாது என்றேன்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவரைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"கதவைச் சாத்துங்க சிஸ்டர். கொசு வருது."

"கொசு உள்ள வந்தாச்சு" என்றார் விஜயராஜ். "மெஷின் எங்க?"

அண்ணன் முகத்தால் காட்டினார். விஜயராஜ் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு முள்ளை மாட்டினார். மாட்டும்போதே, தூசி பார், வயரைப் பார், இது வீடா குடோனா என்று முணுமுணுத்தார். அண்ணன் கூரையைப் பார்த்தபடி, சில பேர் வீட்டில் மாவு மூக்குவரை இருக்கும் என்றார். இரண்டு பேரும் என்னிடம்தான் சொன்னார்கள், ஒருவரிடம் ஒருவர் அல்ல.

"மாட்டியாச்சு. அதை எடு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத அரசு."

"அதை அன்னிக்கே மூடி வச்சுட்டேன். அப்புறம் தொடவே இல்ல."

"நான் மட்டும் தொட்டேனாக்கும்?"

அலமாரியின் அடியிலிருந்து அந்த உறையை நான்தான் எடுத்தேன். தட்டில் பஞ்சு மாதிரி பூஞ்சை. தொட்டியில் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். விஜயராஜ் தட்டை வைத்து முள்ளை இறக்கினார். ஒருவர் முகத்தில், இப்போது பார் என்று எழுதியிருந்தது. இன்னொருவர் முகத்திலும் அதேதான்.

கரகரவென்று கொஞ்சம் சத்தம், அப்புறம் கித்தார், அப்புறம் அந்தப் பையன் குரல். இரண்டு முகங்களும் சுருங்கின.

"மெஷின்ல கோளாறு" என்றார் அண்ணன். "ஓடுறான்."

"கோளாறுதான். ஆனா ஊர்றான்" என்றார் விஜயராஜ்.

என் காதுக்கு அந்தப் பையன் அழவும் இல்லை, ஆடவும் இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வீட்டுக்கு நடந்து போகிறவன் மாதிரி இருந்தது. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

விஜயராஜ் மறுபடி வைத்தார். மறுபடியும் அதே. பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். பிளக்கையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"அரசு, அந்தக் காலத்துல உங்க வீட்ல சாயங்காலம் லைட்டு எப்படி எரியும்?"

"அது எதுக்கு இப்போ? ஊரே ஒண்ணா லைட்டைப் போடும். பல்பு ஆரஞ்சுப் பழம் மாதிரி எரியும். டீசல் கரண்ட்டுதானே."

"எங்க வீட்ல பளீர்னு வெள்ளையா எரியும். மில் எஞ்சின்ல ஓடற சொந்த ஜெனரேட்டர். லைட்டு மங்கினா எங்கப்பாவுக்குப் பிடிக்காது, எஞ்சினை முறுக்கி விட்டுருவாரு." சொல்லிக்கொண்டே கட்டிலில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "அரே பாப்ரே. கரண்ட்டு ஓடற வேகத்துலதானே மெஷின் சுத்தும்! உன் மெஷின் மெதுவா சுத்தியிருக்கு. என் மெஷின் வேகமா சுத்தியிருக்கு. இன்னிக்குத்தான் இது சரியா சுத்துது."

அண்ணன் சுழன்றுகொண்டிருந்த தட்டையே பார்த்தார். "புது கரண்ட் வந்தப்புறம் எல்லாப் பாட்டும் கொஞ்சம் அவசரமாப் போற மாதிரி இருந்துச்சுடா. வயசானா அப்படித்தான் தெரியும்போலன்னு விட்டுட்டேன்."

"நான் மெஷின் தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். எல்லாம் ஆமை மாதிரி போச்சு. நாலு பெல்ட்டு மாத்தினேன். முள்ளு எதுக்கு டப்பா டப்பாவா வாங்கினேன்னு நெனச்சே?"

யாராவது அழுதுவிடுவார்களோ என்று எனக்குக் கவலை. சாயங்கால மாத்திரை நேரம் வேறு. நல்லவேளை, யாரும் அழவில்லை.

"அப்போ அன்னிக்கு மேடையில யாருதான் சரி?" என்று கேட்டார் அண்ணன்.

"கித்தார்காரன். வாசிக்கறதை நிறுத்துனான் பாரு."

அண்ணனுக்கு இடுப்பு வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடத்தைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரியுங்கள் என்று கற்றுக்கொடுத்தேன்.

இருட்டுவதற்குள் ஃபெர்ரியைப் பிடிக்க விஜயராஜ் கிளம்பினார். வா என்று இவர் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தால் அண்ணன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், தட்டு சுற்றவில்லை. முள் வந்துவிட்டதே, ஏதாவது போடுங்கள் என்றேன். "ஒத்தையா என்னத்தக் கேக்கறது?" என்றார். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டார். முள்ளை வாங்கிவந்து பிரயோஜனமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை நான் ரவையை வறுத்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். விஜயராஜ் நின்றார். கையில் பாலிதீன் பையில் சுற்றிய ஒரு தட்டு.

"ராத்திரி பூரா யோசிச்சேன். எஞ்சின் கதையெல்லாம் சரி. ஆனா அவன் தட்டே போலியா இருந்தா? என்னோடதப் போட்டுப் பாத்துருவோம்."

அண்ணன் நான் கூப்பிடாமலேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தார். "கொண்டா. நீ சந்தேகப் பிராணின்னு தெரியும். எனக்கும் அதே சந்தேகம்தான்."

போட்டார்கள். அதே வேகம், அதே பையன். இரண்டு பேரும் ஏமாந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு விஜயராஜ் தட்டைத் திருப்பினார். பின்பக்கத்துப் பாட்டை இருவருமே ஒழுங்காகக் கேட்டதில்லையாம், முன்பக்கத்தையே தேய்த்திருக்கிறார்கள்.

முதல் வரி முடியவில்லை.

"இது நல்லாருக்கு" என்றார் அண்ணன்.

"இதா? பக்வாஸ். இதுக்காகத்தான் பின்னாடி போட்டிருக்கான்."

"மாவு மில்லுச் சத்தத்துல வளந்த காது, உனக்கென்ன தெரியும்?"

"ஆமா, நீ பெரிய..."

இரண்டு தட்டு உப்புமாவை இருவர் கையிலும் திணித்தேன். பாட்டு முடியறவரைக்கும் வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க என்றேன். அண்ணன் முழுவதும் சாப்பிட்டார். விஜயராஜ் இன்னும் கொஞ்சம் கேட்டார். அடுப்பில் மறுபடி தண்ணீரை வைத்தேன்.