மச்சானின் நேர்கோடு

செவன் கிங்ஸில் மச்சான் வீட்டுக்குப் போனபோது அவன் கணினித் திரையில் அந்த நேர்கோட்டைக் கண்டதுமே, அதைவிட நேராக ஒன்று எனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. வானில் சுற்றும் செய்மதி தரும் நேரத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும், கடிகாரத்துக்குத் துடிப்புத் தரும் கிறிஸ்டல் அலையியற்றி ஒன்றை அவன் செய்திருந்தான். அதன் நேரப் பிழையை வரைந்து காட்டுவதுதான் அந்தக் கோடு; பிழை குறையக் குறையக் கோடு நேராகும். ஒரே மாதத்தில் நானும் செய்தேன். என் கோடு நடுங்கியது. பொறாமையில், எவ்வளவு திருத்துவது என்பதைத் தீர்மானிக்கும் கெயினை ஏற்றினேன், இன்னும் நடுங்கியது. வெட்கத்தை விட்டு அவனுக்கு போன் எடுத்தேன்.

"செய்மதி தும்மினாலும் திருத்துறாய் போல. உன்ரை கிறிஸ்டலையும் கொஞ்சம் நம்படா," என்று சிரித்தான்.

"உன்ரை கெயின் எவ்வளவு, அதைச் சொல்லு."

"சொல்லமாட்டன், போடா!"

அவன் சொன்னது சரி என்பதுதான் எரிந்தது. செய்மதி தரும் நேரமே நொடிக்கு நொடி சற்றுத் தள்ளாடும். நான் அதன் பின்னால் ஓடியிருக்கிறேன். இன்று கெயினைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, கிறிஸ்டலை நம்பி, நாளை மாலை வரை திரையைத் திறக்காமல் இருக்கப்போகிறேன்.