நீலத் திரையும் மீன் குழம்பும்

என் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. பவுடர் டப்பா மூடி அளவுதான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நான் வேலை நேரத்திலும் முகம் பார்த்துக்கொண்டிருப்பவள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மையில் அது என் முதல் வேலையில் கிடைத்த கருவி. அதை ஒட்டிக் கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர்.

புதுச்சேரியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு படித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் கடற்கரைச் சாலை போதாது. அந்த வரிசையில் நானும் ஒருத்தி. தமிழை எடுத்தால் மார்க்கைக் கிள்ளித்தான் போடுவார்கள், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள் என்று தெருவில் யாரோ சொல்ல, அம்மா அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மார்க் வந்தது, பேச்சு வரவில்லை. வசந்த காலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவேன். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. இந்த லட்சணத்தில் இருந்த என்னையும் ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பிரான்சில் இருக்கும் வயதானவர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் கோளாறு என்றால் போன் செய்வார்கள். இங்கே ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் வழி சொல்வோம். அவர்கள் எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்பது வரி வரியாகத் திரையில் ஓடும். அதைப் பார்த்துப் படிப்பதுதான் என் வேலை. படிக்க வசதியாகச் சில வரிகளைத் தமிழ் எழுத்தில்கூட அடித்து வைத்திருந்தேன். போனில் எனக்குப் பெயர் சில்வி.

சூப்பர்வைசர் ஐம்பதைத் தொட்டவர். நோணாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அத்தனை தூரம் வந்தும் சட்டையில் ஒரு மடிப்பு கலைந்திருக்காது. அவருக்கு மூன்று சட்டங்கள். சிரித்துக்கொண்டே பேச வேண்டும். லைனில் ஒரு கணம்கூட மௌனம் கூடாது. எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்பதை உயிரே போனாலும் சொல்லக் கூடாது. முதல் சட்டத்துக்காகத்தான் எல்லோருடைய திரையிலும் கண்ணாடி ஒட்டினார். “சிரிச்சிக்கினே பேசும்மா. சிரிப்பு அந்தப் பக்கம் கேக்கும்” என்பார். சொல்கிறபோது அவர் முகம் துக்க வீட்டுக்குப் புறப்பட்டவர் முகம்போல இருக்கும். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரம் ஆகும். ஆனால் சும்மா ஆகாது. பிரான்சிலிருந்து ஒரு அதிகாரி அம்மா நாம் பேசும் அழைப்பு ஒன்றைக் கூடவே கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. எனக்கோ அந்த வேலை என்னுடையது மட்டும் இல்லை. பஞ்சாலை மூடிய பிறகு அப்பா ஒரு சிமெண்ட் கிடங்கில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கி, காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். “ஒனக்கு வேலை நெலைச்சிட்டா நான் நின்னுடறேன்” என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். அதனால் அந்த அதிகாரி அம்மா கேட்கும் நாள் வந்தபோது நான் காலையில் தட்டைத் தள்ளிவைத்தேன். அம்மா கட்டாயப்படுத்தி மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட வைத்து அனுப்பினாள்.

எங்களுக்கு நண்பகல், அவர்களுக்குக் காலை. லைனில் வந்தவர் ஒரு கிழவி. காலையில் கணினி தானாகவே ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டதாம். அதற்குப் பிறகு நீலத் திரைதான் வருகிறதாம், வேறொன்றும் வரவில்லையாம். பேரன் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன என்று பதறினார். நான் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, ஆறுதல் வரியை அழகாகப் படித்து, அடுத்த வரிக்குக் கண்ணை நகர்த்தினேன். வரி இல்லை. என் திரையும் நீலமாக இருந்தது. பக்கத்துத் திரை நீலம், அதற்குப் பக்கத்துத் திரையும் நீலம். அதே அப்டேட் எங்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது. போன் தனி இணைப்பு என்பதால் அது மட்டும் உயிரோடு இருந்தது.

மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். “ஒரு நிமிடம், மதாம்” என்று சொல்லி இசையைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அந்த ஒரு வரியும் மறந்துபோனது. என் பிரெஞ்சு மொத்தமும் அந்தத் திரையில்தான் இருந்தது. மௌனம் நீண்டது. கண்ணாடியில் பார்த்தேன்: எனக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். பேசு, பேசு என்று கையால் ஜாடை காட்டினார். வாயில் வந்தது இதுதான்: “என்னிடமும் நீலம்தான், மதாம்.”

“எங்கே இருக்கிறாய் நீ?” என்றார் கிழவி.

“பொந்திஷேரி” என்றேன்.

கண்ணாடியில் சூப்பர்வைசரின் கை என் தோளைத் தாண்டிப் போனின் துண்டிப்புப் பொத்தானை நோக்கி வந்தது. அப்பாவின் முழங்கால்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குள் கிழவி சிரிக்கத் தொடங்கிவிட்டார். காதில் மாட்டிய கருவியைத் தாண்டி வெளியே கேட்கும் சிரிப்பு. “அப்படியானால் நாம் இரண்டு பேருமே நோயாளிகள். வைத்தியர் யாரம்மா?” என்றார். வந்த கை பாதியில் நின்றது. கண்ணாடியில் அவர் உதடு கோணியது. கோணி, அகன்று, பல்லெல்லாம் தெரிந்தது. எங்கள் சூப்பர்வைசர் சிரித்தார். இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன். பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

கையை இழுத்துக்கொண்டு அவர் ஓடினார். கணினி பராமரிக்கும் ஆளைத் தன் செல்போனில் பிடித்து, அவன் சொன்னதை ஒரு பிரியாணிப் பெட்டியின் மூடியில் எழுதிக்கொண்டு வந்து, என் முதுகுக்குப் பின்னால் உயர்த்திப் பிடித்தார். கண்ணாடியில் எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. நான் முழிப்பதைப் பார்த்து அவருக்கே உறைக்க, சுற்றி வந்து திரைக்கு மேலே பிடித்தார். எனக்காகப் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணை; மறுபடி போடு; மறுபடி அணை; பழுது பார்க்கும் பக்கம் வரும்வரை இப்படியே செய்; வந்ததும் கடைசி அப்டேட்டை நீக்கு. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். கிழவி அங்கே செய்தார், நான் இங்கே செய்தேன். “எனக்கு வந்துவிட்டது, உனக்கு?” “இன்னும் இல்லை, மதாம்.” ஒருவழியாக இரண்டு பேரும் நீக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. படிக்க மூடியில் ஒன்றும் மிச்சமில்லை. சூப்பர்வைசர் மூடியைத் திருப்பிப் பார்த்தார்; அங்கே எண்ணெய்க் கறைதான் இருந்தது.

“சாப்பிட்டாயா?” என்று கிழவிதான் கேட்டார். மீன் குழம்பு என்றேன். குழம்பு என்பதற்குச் சொல் தெரியாமல், புளி, மிளகாய், மீன், நிறைய நேரம் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் அடுப்பில் வெங்காயத்தாள் போன்ற ஏதோ ஒன்றும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். மீன் தலையைப் போடுவாயா என்றார். தலை இல்லாமல் என்ன குழம்பு என்றேன். தேர்வில் எழுதாத பிரெஞ்சு எல்லாம் அன்றைக்கு வந்தது. நடுவில் அவருடைய கணினி திறந்துகொண்டது. பேரன் படங்கள் பத்திரமாக இருந்தன. நன்றி சொல்லி வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. “உன்னுடையது வரட்டும். அதுவரை இருக்கிறேன்” என்றார். என் திரையும் வந்த பிறகுதான் அவர் போனை வைத்தார்.

மாலையில் பிரான்சிலிருந்து சூப்பர்வைசரைக் கண்ணாடி அறைத் தொலைபேசிக்கு அழைத்தார்கள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்தவர் முகம் வழக்கம்போல துக்க வீடு.

“கொழம்புக் கதை மொத்தமும் கேட்டிருக்காங்க” என்றார்.

“சார்...”

“இன்னிக்கு வந்ததுல பாதி பேரு நடுவுலயே போனை வெச்சிட்டாங்களாம். ஒன் கஸ்டமர் மட்டும்தான் வெக்க மாட்டேன்னு நின்னாங்களாம். ஒன்ன கன்ஃபார்ம் பண்ணிட்டாங்க. ஆனா ஊர் பேரைச் சொன்னது தப்பு. தப்பு தப்புதான்.”

அந்த மாதத்தோடு அப்பா கிடங்கு வேலையை விட்டார். இரவெல்லாம் வீட்டில் தூங்கினார். அவர் குறட்டையில் எங்களுக்குத்தான் தூக்கம் போனது. அம்மா அதைக் குறை சொல்லிச் சொல்லியே பூரித்துப்போனாள். அலுவலகத்திலோ அடுத்த வாரம் திரையில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ‘கணினி மறுபடி தொடங்கும்வரை, இன்று என்ன சமையல் என்று கேட்கவும்.’ யார் சேர்த்தது என்று யாரும் கேட்கவில்லை. மறந்துபோகிறவர்களுக்குச் சூப்பர்வைசரே தூரத்திலிருந்து ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய் ஜாடை காட்டுவார். தன் சட்டத்தை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, பக்கத்திலேயே இன்னொரு சட்டம் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது நான் வீட்டிலிருந்தபடியே அதே வேலையைப் பார்க்கிறேன்; கண்ணாடியும் கூடவே வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. “சில்விதானே? ஏம்மா, இந்த லேப்டாப்பு அப்டேட் போட்டுட்டு நீலமா நிக்குது” என்றார். என் உண்மைப் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா என்பது எனக்கு எப்போதும் சந்தேகம். பழைய வழியையே சொன்னேன். அணைத்தார், போட்டார், அணைத்தார், நீக்கினார். பிறகு வட்டம் சுற்றத் தொடங்கியதாகச் சொன்னார். எனக்குள் ஒரு குறும்பு. வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தொண்டையைச் செருமினார். நான் பேசவில்லை. மனிதர் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்?

“சரி, இன்னா சமையல் இன்னிக்கு?” என்றார்.

வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்த என் விரல்களைத் தாண்டிக் கன்னம் உப்பியிருந்தது. சத்தமே போடவில்லை நான்.

“சிரிக்கிற” என்றார் அவர். “கேக்குது.”