மண்மூட்டை வெளிச்சம்

என் கணவர் படகு என்ஜின் திருத்துபவர். எங்கள் ஊர் எத்தாளையில் கடலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேரின் என்ஜின் எங்கள் முற்றத்தில் ஒரு நாளாவது வந்து படுத்திருக்கும். எந்தப் பொருளையும் அது இருந்தபடி இருக்க விடமாட்டார் என்பதைத் தவிர அவரிடம் குறையே இல்லை. கரண்ட் மணிக்கணக்கில் வெட்டுப்பட்ட அந்த வருஷம் அவருடைய பார்வை மின்சாரத்தின் மீது விழுந்தது. எங்கள் வாசலில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். மறுபக்கம் பார்த்தால் காற்றாலைகள் சுற்றும். நடுவில் நாங்கள் மெழுகுதிரியோடு இருந்தோம்.

முதலில் எங்கிருந்தோ இரண்டு பழைய லொறி பெட்டரிகளையும் ஒரு சோலார் தகட்டையும் கொண்டுவந்து மண்டபத்து மூலையில் வைத்தார். வெளிச்சம் வரத்தான் செய்தது. ஆனால் பெட்டரியின் அமிலம் எங்கே தெறித்ததென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளைச் சாரம் உடுத்து ஜும்ஆவுக்குப் போனவர், பின்பக்கம் சல்லடையாகத் திரும்பி வந்தார். பின் வரிசையில் தொழுதவர்கள்தான் சொன்னார்களாம்.

"இனி இந்த வீட்டுக்குள்ள பெட்டரி வரக்கூடாது" என்றேன்.

"சரி. அப்ப கரண்ட எதுக்குள்ள சேத்து வைக்கிறது?"

"அது உங்கட பாடு."

அப்படிச் சொன்னது என் பிழை. வெளிநாட்டில் எங்கோ பெரிய சீமெந்துக் கட்டிகளை உயரத்துக்குத் தூக்கி வைத்து, தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள் என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். சீமெந்துக் கட்டி எங்களிடம் இல்லை. மண் இருந்தது. முற்றத்தில் இரண்டு தென்னைகளும் இருந்தன.

தென்னைகளுக்கு நடுவே உயரத்தில் ஓர் இரும்புக் குழாயைக் கட்டி, அதில் என்ஜின் தூக்கும் கப்பியைப் பொருத்தினார். பழைய மீன்வலைக்குள் மண்மூட்டைகளை அடைத்து கயிற்றில் தொங்கவிட்டார். நீலப் பீப்பாயை வெட்டிச் செய்த காற்றாடி, கச்சான் காற்று அடிக்கும் பகலெல்லாம் அந்த மூட்டையை மெல்ல மெல்ல மேலே இழுக்கும். இருட்டியதும் கயிற்றைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டை எடுத்துவிட்டால் மூட்டை அதன்பாட்டில் இறங்கும். இறங்கும்போது கயிறு ஒரு டைனமோவைச் சுழற்ற, மண்டபத்தில் ஒரு பல்ப் எரியும். காற்றில்லாத நாளுக்குக் கையால் சுற்றித் தூக்க ஒரு பிடியும் வைத்திருந்தார்.

கணக்குப் படித்த மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வாப்பா, இவ்வளவு மண்ணும் கீழ வந்தா ஒரு பல்ப் கால் மணித்தியாலம் எரியும்."

"கால் மணித்தியாலம் குறைவா? ஒரு தொழுகைக்குப் போதும். மண் பழுதாகாது, சாரத்தையும் தின்னாது."

அந்த நாட்களில்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து புத்தளத்தில் குடியிருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் வாப்பா மரக்காலை நடத்தி மரமும் பலகையும் விற்பவர், நல்ல கனமான உடம்பு. வெளிச்சத்தோடு வந்து வெளிச்சத்தோடு போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வந்தார்கள். கரண்டும் அப்போதுதான் போனது.

என் கணவர் ஓடிப்போய்ப் பூட்டை எடுத்துவிட்டார். பல்ப் எரிந்தது.

"கரண்ட் இல்லயே. இது எப்படி எரியுது?" என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார்.

பிறந்ததிலிருந்தே அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வாயைத் திறக்கவும் மகள் தேநீர்த் தட்டோடு மண்டபத்துக்குள் காலடி வைக்கவும் சரியாக இருந்தது. வெளியே "தொம்" என்று ஒரு சத்தம். வலை கிழிந்து, மூட்டை உடைந்து, பல்ப் அணைந்துவிட்டது.

"ஆரும் அசைய வேணாம். கையில கொதிக்கிற தேத்தண்ணி" என்றாள் மகள். மாப்பிள்ளை வீட்டார் அவளிடமிருந்து கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

மாப்பிள்ளை போன் டோர்ச்சை அடித்தார். "அத அணைங்க மகன்" என்றார் அவருடைய உம்மா. "இந்த வெளிச்சத்துல பொண்ணு பாக்க ஏலாது. எல்லாரும் ஜின் மாதிரித் தெரியுறாங்க."

நான் மெழுகுதிரி தேடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆண்கள் ஒருவரும் கதிரையில் இல்லை. முற்றத்தில் கொட்டிக் கிடந்த மண்ணைச் சுற்றி நின்றார்கள். என் கணவரின் முகம் சாவு விழுந்த மையித்து வீட்டு முகமாக இருந்தது.

"எவ்வளவு பாரம் வேணும்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் வாப்பா.

என் கணவர் மரியாதைக்காக மண்ணைப் பார்த்தார். ஆனால் அவருடைய கண் மெல்ல ஏறிக் கேட்டவரின் வயிற்றில் போய் நின்றது. அவரும் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"என்னையத் தொங்கவிட்டா எரியுமா?"

"ஹாஜியார், அது சரியில்ல…"

"எரியுமா, எரியாதா?"

"எரியும்."

என்ஜின் தூக்கும் பெல்ட்டில் ஒரு பலகையைக் கட்டி அவரை உட்கார வைத்தார்கள். நான் தடுக்கப் போனேன். மண்டபத்துக் கதிரையில் இருந்தபடியே அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க. தடுத்தா இன்னும் உசரத்துக்கு ஏறுவாரு." மாப்பிள்ளையும் என் கணவரும் மாறிமாறிப் பிடியைச் சுற்றினார்கள். சம்பந்தம் பேச வந்த மனிதர், தொப்பியைச் சரிசெய்தபடி, எங்கள் கூரைமட்டத்துக்கு உயர்ந்தார். வேலிக்கு மேலால் அயல்வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேலிருந்து அவர்களுக்கு ஸலாம் சொன்னார்.

பூட்டை எடுத்தார்கள். அவர் ஆடாமல் அசையாமல், கொடி இறக்குவதுபோல மெதுவாக இறங்கத் தொடங்கினார்.

"எரியுதா?" என்று அந்தரத்திலிருந்து கேட்டார்.

"எரியுது!" என்று எல்லோரும் கத்தினோம்.

அந்த வெளிச்சத்தில்தான் மாப்பிள்ளையின் உம்மா என் மகளை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தார். அவளோ அடக்க ஒடுக்கமாக நிற்க வேண்டிய நேரத்தில், உதட்டைக் கடித்தும் முடியாமல், தட்டும் கோப்பைகளும் கிலுகிலுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா எழுந்து போய் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தார். "இந்த மனிசன வச்சிக்கிட்டு இவ்வளவு காலமும் நான் தனியாத்தான் சிரிச்சன்" என்றார். "துணைக்கு ஒரு ஆள் வந்தா நல்லம்."

பல்ப் அணைந்தது. தொங்கியவரின் கால் மண்ணைத் தொட்டுவிட்டது.

"இன்னொரு தரம் தூக்குங்க!" என்று வெளியே குரல் கேட்டது.

நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. மருமகன் விவரமான பிள்ளை. எங்கள் கூரையில் புதிய சோலார் தகடுகளைப் போட்டு, மணமில்லாத, கசியாத லித்தியம் பெட்டரி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டார். கரண்ட் போவதே இப்போது எங்களுக்குத் தெரிவதில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லாததால் என் கணவர் சில நாள் சோறு இறங்காமல் திரிந்தார்.

பிறகு சம்பந்தி வந்தார். வரும்போது மரக்காலையிலிருந்து தேக்குப் பலகைகளும் கொண்டுவந்தார். கடலோடு சேர்ந்த களப்பில் வற்றுநீரும் பெருக்குநீரும் ஓடும் வேகத்தில் ஒரு சக்கரம் சுழற்றலாமாம். போன கிழமை இருவரும் தோணியில் அதைப் பார்த்துவரப் போனார்கள். மத்தியானம் சம்பந்தியின் மனைவி எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஆளுக்கு நீந்தத் தெரியுமா?"

"உங்கட ஆளுக்கா?"

"அவர் எப்படியும் மிதப்பாரு. நான் உங்கட ஆளத்தான் கேக்குறன்."