கடிநாடு அசோகன்

பெங்களூரு பொம்மனஹள்ளி வால்வு தொழிற்சாலையில் மூன்று அசோகன்கள் இருந்தார்கள். ஒருவர் ஸ்டோர்ஸ் அசோகன். இன்னொருவர் டிரைவர் அசோகன். மூன்றாமவர் கிருத்திகாவின் அப்பா. ஓசூரைத் தாண்டி தளி பக்கத்து ஊர்க்காரர்; லேத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றவர். அவரைக் கடிநாடு அசோகன் என்றார்கள்.

கன்னடத்தில் கடி என்றால் எல்லை. கடிநாடு என்றால் எல்லையோரத்து மண். செய்தித்தாளில் அந்தச் சொல் வந்தால், ரோடு இல்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை என்று கூடவே ஒரு புகாரும் வரும். அரசு விண்ணப்பத்தில் அது ஒரு ஒதுக்கீட்டுப் பிரிவு. தொழிற்சாலையில் அது கேலி. ‘உனக்கென்னப்பா, பந்த் அந்தப் பக்கம் நடந்தாலும் லீவு, இந்தப் பக்கம் நடந்தாலும் லீவு.’

கிருத்திகா அறிந்தது அந்தக் கேலியை மட்டும்தான். பத்து வயதில் ஆயுத பூஜைக்கு அப்பாவோடு தொழிற்சாலைக்குப் போயிருந்தாள். கேட்டில் ஒருவர், “ஏய் கடிநாடு, மகளுக்காவது ஒரு ஊர் இருக்கா?” என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவே இல்லை.

அவர் இறந்து ஒன்பது நாள். பதினோராம் நாள் சாப்பாட்டுக்கு அவரோடு வேலை செய்தவர்கள் வர வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்கு எதிரே அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டுவது அங்கே வழக்கம். கேண்டீன் லட்சுமம்மா வாசகம் எழுதிக் கொடுத்திருந்தார். கடைக்காரர் அனுப்பிய மாதிரியில் ‘கடிநாடு அசோகன்’ என்று இருந்தது. கிருத்திகா முதல் சொல்லை எடுக்கச் சொன்னாள். படத்தையும் மாற்றினாள். அவருடைய பழைய கல்யாணப் படம், அடர்ந்த மீசை. ஃப்ளெக்ஸ் மறுநாள் காலையிலேயே ஏறிவிட்டது.

அன்று மத்தியானம், அப்பா ஓய்வு பெற்றபின் குடிவந்த ஈஜிபுரா வீட்டில், அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வைஃபை மோடத்தைக் கழற்றி மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

“சும்மா உக்காரேன்டி,” என்றாள் அம்மா ஜானகி.

போன் அடித்தது. லட்சுமம்மா.

“ஏன் பாப்பா, கடிநாடை எடுத்துட்டே? யாரும் நின்னு பாக்கலையே. ஸ்டோர்ஸ் அசோகனுக்குத்தான் போன் மேல போன். ‘நான் போய்ச் சேரலப்பா, டீ குடிச்சிட்டிருக்கேன்’னு ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டிருக்காரு.”

“அந்தப் பேரு கேலி இல்லையா, ஆன்ட்டி?”

“கேலிதான். யாரு இல்லேன்னா? ஆனா பந்த் அன்னிக்கு பஸ்ஸெல்லாம் அத்திப்பள்ளிக்கு அந்தாண்டையே நின்னுடும். உங்கப்பா டிபன் டப்பாவோட எறங்கி எல்லைய நடந்தே தாண்டுவாரு. இந்தப் பக்கம் கெடைச்ச வண்டியில ஏறி வருவாரு. பக்கத்துத் தெருக்காரன் வந்திருக்க மாட்டான். ‘கடிநாடு வந்தாச்சு, மெஷினப் போடு’ம்பாரு சூப்பர்வைசர். வெறும் அசோகன்னு கூப்பிட்டா உங்கப்பா திரும்பவே மாட்டாரு, பாப்பா.”

கடைக்காரரைக் கேட்டாள். மாற்றி அடிக்க நாளை சாயங்காலம் ஆகும் என்றார். சாப்பாடே நாளை மத்தியானம் ஒரு மணிக்கு. ஷிப்ட் மாற நாற்பது நிமிடம் இருந்தது. தொழிற்சாலைக்கு ஆட்டோ பிடித்தாள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் இரண்டு முறை இறங்கி நடக்கப் பார்த்தாள்.

அவள் கேட்டில் இறங்கும்போதே சங்கு ஊதியது. நீலச் சட்டைகள் கூட்டமாக வெளியே வந்தன.

“நான் அசோகனோட மகள்,” என்றாள்.

சிலர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், நடந்தார்கள். ஒருவர் மட்டும் நின்றார். “யாவ அசோகன்மா, எந்த அசோகன்?”

“கடிநாடு.” மறுபடி சொன்னாள். “கடிநாடு அசோகன்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “நம்ம கடிநாடா? எப்போ?” பிறகு கோபம் வந்தது. “எங்களுக்கு ஏன் யாரும் சொல்லல?”

“நான்தான் பேரை எடுக்கச் சொன்னேன்.”

அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தவர்களைக் கை தட்டி நிறுத்தினார். நாலைந்து பேர் திரும்பி வந்தார்கள். ஈஜிபுராவில் எந்த கிராஸ் என்று ஒருவர் கேட்டார். ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருப்பவர்கள் ஒரு மணிக்கு எப்படி வருவது என்றார் இன்னொருவர்.

“நாலு மணி வரைக்கும் இலை போடுவோம்,” என்றாள்.

“தவறினது யாருண்ணே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹெல்மெட்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே அந்தப் பெயரைச் சொன்னாள்.