அம்மா தைத்த கொடிச்சீலை

என் பெருமையை நானே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று புல்மோட்டை வரைக்கும் என் லொறிகள் ஓடுகின்றன. படித்த உத்தியோகத்தர்கள் என் கடை வாசலில் நின்று என்னை ஐயா என்கிறார்கள். ஆனால் படுத்தபடி பார்க்க எனக்கென்று ஒரு கூரை இல்லை.

சின்ன வயதில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். வெள்ளைக்காரன் போகும்போது, கப்பலுக்குக் கப்பல் சேதி சொல்லும் கொடிகளில் கிழிந்தவற்றைக் கழித்துவிட்டான். அப்பா ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். மஞ்சள், நீலம், சிவப்பு, கட்டம் போட்டது, சிலுவை போட்டது. தென்னோலைக் கிடுகுக் கூரையிலிருந்து குப்பை கொட்டாமலிருக்க அம்மா அவற்றை ஒன்றாகத் தைத்து என் அறையில் கூரைக்குக் கீழே விரித்துக் கட்டிவிட்டாள். பாயில் படுத்தால், கடல்காற்றுக்கு அது பொம்மும், அடங்கும். மண்சுவர்தான், சாணி மெழுகிய தரைதான். ஆனாலும் எந்தத் துரை வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியோர் அறை இருந்திராது. அடித்துச் சொல்வேன்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவன் நான். கிடுகை இறக்கி ஓடு போட்டேன், கல்லால் சுவர் எழுப்பினேன். ஓட்டிலிருந்து குப்பை விழாது. இருந்தும் சீலையைத் திரும்பக் கட்டுவித்தேன்.

பிறகு தங்கைக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். ஆண்பிள்ளை பெட்டியோடு வெளியே. என் அறையைத்தான் மாப்பிள்ளைக்கு ஒதுக்கினார்கள். கொடிச்சீலையை அவிழ்த்துவிட்டு, வழமைப்படி வெள்ளைச் சீலை கட்டினார்கள்.

“உன்ரை சீலையை நான் பத்திரமா வைப்பன். சும்மா முகத்தைத் தூக்காதை,” என்றாள் அம்மா.

வைத்திருந்தாள், சாகும்வரை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு தங்கையிடம் கேட்டேன்.

“பிள்ளை, அம்மாவின்ரை பெட்டியிலை இருந்த கொடிச்சீலை எங்கை? நான் கொண்டுபோறன்.”

தேத்தண்ணிக் கேத்திலோடு குசினியிலிருந்து வந்தவள் சிரித்தாள். “அதுவோ அண்ணா! கம்பளித் துணியெல்லோ, கை சுடாது. கிழிச்சு அடுப்படிக்கு எடுத்தனான்.”

கேத்திலைப் பிடித்திருந்த துண்டு கரியாய்க் கிடந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

அவள் புருஷன் கதிரையில் சாய்ந்துகொண்டு, “லொறி முதலாளிக்குப் பழந்துணியிலை ஆசை! மச்சான், வேணுமெண்டா உந்தக் கரித்துண்டையும் கொண்டுபோங்கோ,” என்றார். நான் போட்ட ஓட்டுக்குக் கீழே இருந்துகொண்டு.

தேத்தண்ணியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

அதேபோல் துணி எடுத்துத் தைத்து, படுக்கை அறைக்கு மேலே கட்டப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். மேல்மாடியைக் கட்டியது நான். கீழ்வீடு அவள் சீதனம்.

“இஞ்சாருங்கோ, இதென்ன சர்க்கஸ் கூடாரமோ? என்ரை வீட்டுக்குள்ளை உது ஏலாது.”

இப்போது மகளின் சீதனத்துக்கு வீடு கட்டுகிறேன். இந்த ஊரே பார்க்கிற வீடு. கூரையின் உட்புறத்துக்கு என்ன நிறம் பூசுவது என்று மேசன் என்னைக் கேட்டான்.

“மகளைக் கேள்,” என்றேன்.