மூன்று நிமிடத் தட்டில் ஓர் அழைப்பு

சென்னியப்பன் மறைந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை தபால் கார்டில் வந்தது. எழுதியவர் அவருடைய மைத்துனர். முதல் நான்கு வரிகளில் என் நலம், என் மனைவியின் நலம், எங்கள் பக்கத்து மழை ஆகியவற்றை விசாரித்துவிட்டு, ஐந்தாவது வரியில் மச்சான் காய்ச்சலில் தவறிவிட்டார் என்று தெரிவித்திருந்தார். சென்னியப்பன் இருந்திருந்தால் இந்த வரிசையில் ஒரு குறையும் கண்டிருக்கமாட்டார்.

கோயமுத்தூர் வாசகசாலையில் மாதந்தோறும் அவருடைய பேசும் பத்திரிகையைக் கேட்ட உங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கவர்னர் வந்தால் மற்றப் பத்திரிகைகள் கவர்னரைப் பற்றி எழுதும். இவர், கவர்னர் வந்த சாலைக்குக் கல் உடைத்தவர்களைப் பேசச்சொல்லி கிராமபோன் தட்டில் பதிந்து வருவார். "பெரியவங்க கதைய எழுதறதுக்கு ஆளிருக்குதுங்க" என்பார். அதற்குமேல் விளக்கமாட்டார். தட்டுகளுக்குப் பட்டியல் எழுதுவது என் வேலை.

பதியும் இயந்திரம் மாட்டுவண்டியில் வரும். ஒரு தட்டு மூன்று நிமிடம் ஓடும். கீறியதை அழிக்க முடியாது. மூன்று நிமிடம் என்று தீர்மானித்தவர்கள் நம் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். இங்கே வாங்க, உட்காருங்க, மோர் குடிங்க என்பதற்கே இரண்டரை நிமிடம் ஆகிவிடும். பேசுகிறவர்களுக்குக் கடிகாரத்தைக் காட்டலாமே என்று ஒருமுறை சொன்னேன்.

"கடியாரத்தக் காட்டுனா, எந்திரிச்சுப் போங்கன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க" என்றார்.

பிளேக் காலத்தில் ஊரைக் காலிசெய்துவிட்டுக் காட்டில் குடிசை போட்டு இருந்தவர்களைப் பதிய ஆசைப்பட்டார். அதற்காகக் கொடுமுடியில் காளியண்ணன் என்ற விவசாயியிடம் போனோம். அவர் அந்தப் பிளேக் வருஷத்தில்தான் மகன் கல்யாணத்தை நடத்தியிருந்தார். தங்கை பாவாயியை அவிநாசிப் பக்கம் கொடுத்திருந்தது. தங்கையின் ஊரிலும் பிளேக். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் பயந்து, வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லியனுப்பினார். தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பின் எதற்குமே வரவில்லை. போய்ச் சமாதானம் சொல்லலாமென்றால் இப்போது காளியண்ணனுக்குக் கால் விழுந்து, கட்டிலோடு கிடந்தார். நடந்ததைத் தட்டில் சொல்லித் தங்கைக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவாயிற்று.

எங்களிடம் ஒரே ஒரு தட்டுதான் மிச்சம். காளியண்ணன் இயந்திரத்தைப் பார்த்தார். தங்கையே வாசலில் நிற்பதாக எடுத்துக்கொண்டார். "வா அம்மணி. வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று தொடங்கினார். மாப்பிள்ளை, பிள்ளைகள், மாடு, கன்று, கிணற்றில் தண்ணீர் எல்லாம் விசாரித்தார். பிறகு குரல் இறங்கி, "அந்தப் பிளேக் வருசம்" என்றார். தட்டு முடிந்தது.

நான் பட்டியலில் 'பயனற்றது' என்று எழுதினேன். அவிநாசிக்கு எடுத்துப்போவது வீண் என்றும் வாதாடினேன். "அவரு பேசுனது அந்தம்மாகிட்டத்தானுங்களே, பயனில்லைன்னு நாம எப்புடிங்க சொல்றது?" என்றார் சென்னியப்பன்.

பாவாயி அம்மாள் முகத்தை மாட்டுக்கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னார். பிளேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆள உட்டுச் சொல்லலீங்க. அவரு வாயாலயே கூப்புட்டிருக்கறாருங்களா?"

"கூப்புட்டிருக்கறாருங்க" என்றார் சென்னியப்பன்.

"அப்பப் போகோணுமுங்க."

மறுநாளே கொடுமுடி போனார். எட்டு நாள் இருந்தார். பிளேக் வருஷக் கதை முழுவதையும் காளியண்ணன் அப்போதுதான் சொன்னாராம். அதைப் பதிய எங்களிடம் தட்டு இல்லை. நான் வருத்தப்பட்டேன், சென்னியப்பன் படவில்லை.

அந்தத் தட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பட்டியலில் நான் எழுதிய சொல்லை அடித்துவிட்டேன். சென்னியப்பன் தன் குரலை ஒருபோதும் பதிந்துகொண்டதில்லை. ஆனால் இந்தத் தட்டில், காளியண்ணன் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் இருமுவது கேட்கும். அடுத்து, இயந்திரத்தின் அருகே குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் குரல் மெதுவாகக் கேட்கும்: "நீங்க சொல்லுங்க. அவசரமில்லீங்க."

அப்போது அரை நிமிடம்தான் மிச்சமிருந்தது.