வழுக்காத படிகள்

தொழிலாளர் அலுவலகத்தில் சேர்ந்த இந்த ஏழு வருஷத்தில் "கால் வழுக்கி விழுந்து" என்று எத்தனை மனுக்களில் எழுதியிருப்போம் என்பது அன்னாளுக்கே கணக்கில்லை. திண்டுக்கல்லின் மில்களிலும் தோல் பதனிடும் ஷாப்புகளிலும் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு வருவார்கள். செத்தவர்கள் வீட்டிலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் கேட்டு, இங்கிலீஷில் மனு எழுதி, கைநாட்டு வாங்கி மேலே இருந்த ஆணையருக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. ஆண் குமாஸ்தாக்களிடம் வாய் திறக்காத பெண்கள்கூட அவளிடம் பேசினார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள், அதனால் இருக்கலாம்.

சேர்ந்த புதிதில் அவள் உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். கிணற்றில் தூர் எடுக்க இறங்கிய ஒருவன் மூச்சடைத்துச் செத்தான் என்று எழுதிய மனுவைக் கம்பெனி வக்கீல் இரண்டு வருஷம் இழுத்தடித்தார். அவனுக்கு முன்பே நெஞ்சுவலி உண்டு என்றார். அவனை யார் இறங்கச் சொன்னது என்றார். தீர்ப்பு வந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. செத்தவன் பெண்டாட்டி மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அன்னாள் மனுக்களில் ஆட்களை வழுக்க வைக்கத் தொடங்கினாள். வழுக்கி விழுந்தவனுக்கு எந்த வக்கீலாலும் நெஞ்சுவலி கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பெனிக்காரர்களுக்கும் அது வசதியாக இருந்தது. வழுக்கி விழுவது யார் குற்றமும் இல்லை அல்லவா? மனுக்கள் நான்கே மாதத்தில் முடிந்தன.

1960ஆம் வருஷம் புரட்டாசியில் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப் ஒன்றில் சடையாண்டி என்பவன் செத்தான். தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீரும் மயிரும் கழிவும் போய்ச் சேரும் கிணறு ஒன்று அங்கே உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை அதன் கல்மூடியைத் தள்ளி, ஆள் இறங்கிச் சகதியை அள்ளவேண்டும். அதில் இறங்கித்தான் செத்தான். மேலே நின்றிருந்த மேஸ்திரி கருப்பணன் அன்னாளிடம் ஒளிக்காமல் சொன்னான்: "எறங்குனான், உக்காந்தான், அம்புட்டுத்தாம்மா. தூக்கம் வந்தவன் மாதிரி உக்காந்தான்."

அவள் கேட்டுக்கொண்டாள். இரும்புப் படியில் கால் வழுக்கி விழுந்து என்று எழுதினாள். சடையாண்டியின் மனைவி சோலையம்மாள் வாசித்துக் காட்டச் சொல்லாமலே கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆணையர் தொகையைத் தன்வசம் வைத்து, மாதம் முப்பது ரூபாய் மணியார்டரில் அனுப்ப உத்தரவு போட்டார். அன்னாளுக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

அந்தத் தோல் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்தால் அவன் இடம் அவன் வீட்டுக்கே போகும். சடையாண்டியின் இடத்துக்கு அவன் தம்பி மொக்கைச்சாமி வந்தான். சோலையம்மாளுக்கு ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள்.

மறுவருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். குடியிருப்பு மாறியதால் மணியார்டர் விலாசத்தை மாற்றவேண்டியிருந்தது. மொக்கைச்சாமிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மதினிக்கு இப்போது தபால்காரர் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கிறது, கலெக்டர் பெண்டாட்டிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது என்று கேலி பேசிக்கொண்டிருந்தான். சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். புறப்படும்போதுதான் அவன் அதைச் சொன்னான்.

"திங்கக்கெழம கெணத்துல நாந்தான் எறங்குறேன், ஆபீசரம்மா."

அன்னாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் பயமில்ல. உங்க பேப்பர் வந்தப்பறம் மேனேஜரு படி பூராவும் தேங்கா நாருக் கயிறு சுத்திப்புட்டாரு. எறும்புகூட வழுக்காது."

வெளியே குதிரை வண்டி ஒன்று போகும் சத்தம் கேட்டது. உத்தரவின் நகல் கம்பெனிக்குப் போனதும், அதைப் படித்த மேனேஜர் படிகளைச் சரி செய்ததும் இப்போதுதான் அன்னாளுக்கு உறைத்தது. அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். அவள் எழுதிய காரணத்தை நீக்கியிருக்கிறார்.

"தம்பி, உங்க அண்ணன் வழுக்கி விழலை," என்றாள். "உள்ளே இருந்த கெட்ட காத்து."

அவன் சிரித்தான். "நீங்கதான எழுதுனீக? கவர்மெண்டு சீல் வச்சு வந்துச்சே."

சோலையம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பதை அன்னாள் அந்தக் கண்களில் பார்த்தாள். அதெல்லாம் இப்போ எதுக்கும்மா என்று மெல்லச் சொல்லிவிட்டு, கொழுந்தனின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

அன்னாள் சூப்பிரண்டு பொன்னுத்துரையிடம் போய் நின்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். பொய் வாக்குமூலம் என்று ஆகிவிட்டால் முதலில் நிற்பது அந்தப் பெண்ணின் மாதப் பணம், அடுத்தது உங்கள் வேலை என்றார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதலாம், மூன்று வாரத்தில் வந்து பார்ப்பார் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கே கடிதத்தைத் தயார் செய்து கையெழுத்தும் போட்டார். ஆனால் மூன்று வாரம் என்பது திங்கட்கிழமைக்கு வெகுதூரத்துக்கு அப்பால் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் கருப்பணனைத் தேடிப் போனாள். கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னால் மேனேஜர் கேட்பார். கருப்பணன் அவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"நானும் மொதல்ல அப்பிடித்தாம்மா நெனச்சேன்," என்றான். "அப்பறம் பேப்பர வாசிச்சுச் சொன்னாக. யோசிச்சுப் பாத்தேன். உள்ள இருட்டு. வழுக்கித்தான் விழுந்திருக்கணும். நான் பாத்தது சரியில்ல."

அவன் பயந்து சொல்லவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நிஜமாகவே அப்படி நம்பினான். அன்னாள் மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தோல் ஷாப்புக்குள் நுழைந்தபோது கல்மூடியைத் தள்ளியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். உள்ளேயிருந்து வந்த வாடை அழுகிய முட்டை வாடை. அங்கே நின்றவர்களுக்கு அது பழகிப்போன வாடை. மொக்கைச்சாமி கோவணத்தை இறுக்கிக்கொண்டு நின்றான்.

அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள். சடையாண்டி வழுக்கி விழவில்லை, நான்தான் பொய் எழுதினேன் என்றாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். கொடுத்தால் ஆணையருக்கு அனுப்பிவைக்கிறேன், அதன்மேல் என்ன உத்தரவு வருகிறதோ அதன்படி நடக்கலாம், சோலையம்மாளின் மாதப் பணம் உட்பட என்றார். அன்னாள் கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள்.

மொக்கைச்சாமி அந்தத் தாளைப் பார்த்தான். பிறகு மேனேஜரைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"ஆபீசரம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல போலருக்கு," என்றான். "எங்கண்ணன் வழுக்கித்தான் விழுந்தாரு. இந்தா, நான் எறங்கிக் காட்டுறேன்."

அவன் விளிம்பில் உட்கார்ந்து முதல் படியில் கால் வைத்துவிட்டான். அன்னாள் ஓடிப்போய்க் கருப்பணனின் கையைப் பிடித்தாள். ஒரு கயிறாவது கட்டுங்கள் என்றாள். வேற்று ஆண்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "ஏலே அப்பு, செத்த நில்லு. அந்தம்மா மனசுக்காக இதக் கட்டிக்க," என்று கருப்பணன் சொல்ல, யாரோ சிரித்தார்கள். இடுப்பில் வடக்கயிறு கட்டிக்கொண்டு மொக்கைச்சாமி இறங்கினான்.

பன்னிரண்டு படிகள். நார்க்கயிறு சுற்றிய ஒவ்வொரு படியிலும் அவன் கால் அழுத்தமாகப் பதிந்ததை அன்னாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்கூட வழுக்கவில்லை. கீழே போய் முழங்கால் சகதியில் நின்று, தலையைத் தூக்கி, பல் தெரியச் சிரித்தான். வாளியை எடுக்கக் குனிந்தான். பிறகு அலுப்பு வந்தவன் போல மெதுவாக உட்கார்ந்தான்.

"இழுங்க," என்றாள் அன்னாள்.

யாரும் அசையவில்லை. ஒரு நொடிதான். கருப்பணன் முதலில் கயிற்றைப் பிடித்தான், அப்புறம் எல்லாரும் பிடித்தார்கள். மொக்கைச்சாமியின் உடம்பு படிகளில் இடித்து இடித்து மேலே வந்தது. மண்ணில் கிடத்திக் கன்னத்தில் அறைந்தார்கள், தண்ணீரை ஊற்றினார்கள். உதடு நீலமாக இருந்தது. வெகுநேரம் என்று தோன்றிய நேரத்துக்குப் பிறகு அவன் உடம்பு தூக்கிப்போட்டது. வாந்தி எடுத்தான். மூச்சு வந்தது.

சோலையம்மாள் பட்டைக் கொட்டகையிலிருந்து ஓடிவந்திருந்தாள். கையெல்லாம் பட்டைத்தூள். அவன் கண்ணைத் திறந்து அவளைத்தான் தேடினான்.

"வழுக்கிருச்சு மதினி," என்றான்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கருப்பணன் தலையைச் சொறிந்தான். ஆமா, வழுக்கினாப்லதான் இருந்துச்சு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கீழே இருக்கும் படிகளுக்கு இன்னொரு சுற்றுக் கயிறு போடச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் சின்னக்கண்ணு இறங்கட்டும் என்றார். ஓரமாக நின்ற சின்னக்கண்ணு சரிங்கய்யா என்று சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.

சோலையம்மாள் கொழுந்தனின் தலையை மடியில் வைத்திருந்தாள். அவன் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். எழுந்திருக்காமலே பேசினாள்.

"வழுக்கல. இவனும் வழுக்கல, அவரும் வழுக்கல. அந்தம்மா எழுதயில எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கை வச்சேன்."

மதினி என்று மொக்கைச்சாமி முனகினான். அவள் அவன் வாயைக் கையால் மூடினாள்.

"எழுதுங்கம்மா," என்றாள் அன்னாளிடம். "பணம் நின்னாலும் நிக்கட்டும்."

அன்னாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, தமிழிலேயே எழுதினாள். கீழே தன் பெயரையும் உத்தியோகத்தையும் எழுதினாள். கைநாட்டுக்கு மை கொண்டுவரவில்லை. சோலையம்மாள் கிணற்று வாயில் இருந்த கருஞ்சகதியில் கட்டைவிரலைத் தொட்டுத் தாளில் வைத்தாள்.

மேனேஜர் மூடியைப் போடச் சொல்லவில்லை. ஆனால் சின்னக்கண்ணு கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான். நின்றிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிணற்றின் விளிம்பைவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.